வீட்டுக்கு இங்க்ஜெட்டா, லேசரா? சும்மா கிடக்கும் நாட்களை எண்ணிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மாதத்துக்கு 20, 30 பக்கம் அச்சிட்டால் அதிகம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒன்றரை மாதம் பிரிண்டரைத் தொடவே மாட்டோம். கடைக்காரர் இங்க் டேங்க் எடுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் லேசர்தான் நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசர்தான் சரி.

'நிறைய அச்சிடுகிறவர்களுக்கு லேசர், எப்போதாவது அச்சிடுகிறவர்களுக்கு இங்க்ஜெட்' என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் மட்டுமே இருந்த காலத்தில் அது சரி. 2010இல் எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் முதல் இங்க் டேங்க் பிரிண்டரை இறக்கியது. பாட்டிலிலிருந்து நேரே தொட்டியில் மை ஊற்றும் வகை அது. மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தபின் மையின் விலை அடியோடு இறங்கிவிட்டது. அதனால் அந்தப் பழைய கணக்கு இன்று வீட்டளவில் தலைகீழாகிவிட்டது. தினமும் அச்சிடுகிறவருக்கு மைதான் மலிவு. எப்போதாவது அச்சிடுகிறவருக்கு லேசரின் டோனர்தான் நிம்மதி.

காரணம் எளிது. இங்க்ஜெட்டில் இருப்பது தண்ணீர் கலந்த மை. அது தலைமுடியைவிடக் குறுகலான நூற்றுக்கணக்கான துளைகள் வழியாகச் சொட்டாகப் பீய்ச்சப்படுகிறது. எச்பி, கேனான் வகைகளில் துளைக்குப் பின்னால் உள்ள நுண்ணிய ஹீட்டர் மையைக் கொதிக்க வைத்து, அந்தக் குமிழியால் தள்ளுகிறது. எப்சன், பிரதர் வகைகளில் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ தகடு தள்ளுகிறது. எந்த வகையானாலும் துளை வாயில் நிற்கும் மை காற்றுப் பட்டால் காயும். மூன்று வாரம் சும்மா விட்டால் கெட்டியாகும், இரண்டு மாதம் விட்டால் அடைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், பூட்டிக் கிடக்கும் வீட்டில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

லேசரில் ஈரமே கிடையாது. டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். மின்னூட்டம் ஏற்றிய டிரம் என்ற உருளையின் மேல் லேசர் கதிர் எழுத்தை வரைகிறது. கதிர் பட்ட இடத்தில் தூள் ஒட்டி, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. பிறகு சுமார் 200 டிகிரி சூட்டில் ஃப்யூசர் அதை உருக்கித் தாளோடு அழுத்துகிறது. ஆறு மாதம் கழித்து வந்து சுவிட்சைப் போட்டாலும் முதல் பக்கமே பளிச்சென்று வரும்.

ஆகவே கடைக்குப் போகும்முன் மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். தொடர்ந்து எத்தனை நாள் அச்சிடாமல் இருப்பீர்கள் என்றும் எண்ணுங்கள். வாரம் ஒருமுறையாவது நான்கு வண்ணமும் ஓடும் என்றால் இங்க் டேங்க் வாங்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் சும்மா கிடக்கும் என்றால் வேண்டாம். பிள்ளைகளின் புராஜெக்டுக்கு ஆண்டில் பத்து, பதினைந்து வண்ணப் பக்கம் தேவைப்படும். அதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு, இங்க்ஜெட்டில் மை பீய்ச்சும் துளைகள் உள்ள ஹெட்டை ஒருமுறை மாற்றும் செலவில் சிறு பங்குகூட வராது.

விலை குறைவு என்று சிறிய கார்ட்ரிட்ஜ் பிரிண்டரைக் காட்டுவார்கள். உங்களுக்கு அது எல்லாவற்றையும்விட மோசமான தேர்வு. எச்பி 680 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் சொல்லும் கணக்கே கறுப்புக்கு 480 பக்கம், வண்ணத்துக்கு 150 பக்கம்தான். உங்கள் வீட்டில் அதை அச்சிட்டுத் தீர்ப்பதற்குள் காய்ந்தே தீர்ந்துவிடும்.

வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மாதம் 600 பக்கம் வினாத்தாள், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஞாயிறு தவிர தினமும் அச்சிடுவேன். கடையில் சொன்ன விலை: இங்க் டேங்குக்குக் கறுப்பு மை பாட்டில் 360 ரூபாய், 4,500 பக்கம். லேசருக்கு ஒரிஜினல் டோனர் 2,340 ரூபாய், 2,600 பக்கம். கறுப்பு மட்டும் என்றால் லேசர்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் தந்த விலையை வைத்தே பார்ப்போம். மை ஒரு பக்கத்துக்கு 8 காசு. டோனர் 90 காசு. ஆண்டுக்கு 7,200 பக்கம். மைக்கு 576 ரூபாய், டோனருக்கு 6,480 ரூபாய். இதற்கு மேல், டிரம் தனியாக உள்ள லேசர் மாடல்களில் 12,000 பக்கம் அளவில் டிரம்மையும் மாற்ற வேண்டும். அது உங்களுக்கு ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் வந்துவிடும். தினமும் ஓடுவதால் மை காயும் பயமும் இல்லை. இங்க் டேங்கே வாங்குங்கள்.

ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். கறுப்பு மை 'பிக்மென்ட்' வகையா, 'டை' வகையா? டை என்பது தண்ணீரில் முழுவதும் கரைந்த சாயம். சாதாரண 70, 75 ஜிஎஸ்எம் தாளில் இழைகளோடு பரவி, எழுத்தின் ஓரம் மயிர் விட்டதுபோல் தெரியும். ஈர விரல் பட்டாலே இழுக்கும். பிக்மென்ட் மையில் நிறத் துகள் கரையாமல் மிதக்கிறது, தாளின் மேலேயே தங்குகிறது. சின்ன எழுத்தும் 'ண', 'ன' சுழிகளும் அடைபடாமல் வரும். மாணவர்கள் ஹைலைட்டர் பேனாவால் கோடு போட்டாலும் அவ்வளவாகக் கலையாது. ஒரே நிறுவனத்தின் மாடல்களிலேயே சிலவற்றில் டை, சிலவற்றில் பிக்மென்ட் இருக்கும். எப்சனில் 003 எண் கறுப்பு மை டை, 001 எண் கறுப்பு பிக்மென்ட். பெட்டியின் மேல் இருக்கும் மை எண்ணைக் குறித்துக்கொண்டு விசாரியுங்கள்.

பாட்டிலில் போட்டிருக்கும் பக்கக் கணக்கை அப்படியே நம்பி உட்கார வேண்டாம். தாளின் பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டும் மை படும் பக்கத்தை வைத்துச் சொல்லும் கணக்கு அது. ஒரு சிறிய அலுவலகக் கடிதம் அளவுதான். இடைவெளி விடாமல் அடித்த வினாத்தாளில், நடுவே உயிரியல் படமும் இருந்தால், 10 சதவீதத்தைத் தொட்டுவிடும், பக்கம் பாதியாகக் குறையும். டோனருக்கும் இதே கதைதான். தவிர, புது இங்க் டேங்கில் முதல்முறை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும். முதல் பாட்டில் சீக்கிரம் தீர்கிறதே என்று பதற வேண்டாம்.

லேசருக்குச் சாதகமாகச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. வேகம் அதிகம். இருபுறம் அச்சிட மை உலரக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும்போது 40 பிரதி எடுக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் கூடுதல் செலவு தகுமா என்று யோசியுங்கள். முந்தின இரவே எடுத்து வைப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு மாதம் பேத்தி வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். இங்க் டேங்க் பிரிண்டரில் தொட்டி நிறைய மை இருக்கிறது. ஆனால் கறுப்பே வரவில்லை, மஞ்சளும் கோடு கோடாக விட்டுப்போகிறது. ஹெட் கிளீனிங் ஏழெட்டு முறை கொடுத்துவிட்டேன். மாறவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

முதலில் ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் எல்லா வண்ண மையையும் துளைகள் வழியே உறிஞ்சி, அடியில் கழிவு மையை உறிஞ்சி வைக்கும் பேடில் கொட்டுகிறது. அடைபட்ட துளை திறக்காமலே மை போய்க்கொண்டிருக்கும். பேடு நிரம்பிவிட்டது என்று பிரிண்டரின் எண்ணிக்கை முடிவு செய்தால், எல்லா விளக்கும் மினுக்கி மொத்தமாக நின்றுவிடும். புது மாடல்கள் சிலவற்றில் அந்தப் பேடை நாமே கழற்றி மாற்றலாம். மற்றவற்றுக்குச் சர்வீஸ் சென்டர்தான்.

இனி இப்படிச் செய்யுங்கள். துளைகள் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் ஒன்று அச்சிடுங்கள். படிக்கட்டு போன்ற சிறு கோடுகள் நான்கு நிறத்தில் வரும். அதில் எந்த நிறத்தில் எத்தனை படி விட்டுப்போகிறது என்று பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். ஒரு ஹெட் கிளீனிங் கொடுங்கள், மறுபடி நாசில் செக் எடுத்து முதல் தாளோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போகும் படிகள் குறைந்தாலோ, விட்டுப்போகும் இடம் மாறினாலோ நல்ல அறிகுறி. இடம் மாறுவது பெரும்பாலும் காற்றுக் குமிழி, அடைப்பு அல்ல. அதிகபட்சம் மூன்று முறை. அப்புறம் பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனால் அணைத்து 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். கெட்டியான மை தானே ஊறி இளகும், குமிழி மேலே ஏறும். மறுநாள் காலை நாசில் செக் எடுத்தால் பல சமயம் பாதி சரியாகியிருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் 'பவர் கிளீனிங்' என்ற வசதி பல மாடல்களில் உண்டு. குழாயில் உள்ள மை முழுவதையும் இழுத்து வெளியேற்றும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மை இருக்கும்போது மட்டும், ஒரே ஒரு முறை செய்யுங்கள். குறைவாக இருந்தால் காற்றை இழுத்து இன்னும் கெட்டுவிடும்.

ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழியுங்கள். கார்ட்ரிட்ஜின் அடித் தகட்டை அதன்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து எடுங்கள். டிஷ்யூவில் மூன்று நிறமும் பக்கம் பக்கமாகப் பட்டையாக ஊறியிருந்தால் துளை திறந்துவிட்டது. எந்த நிறம் இல்லையோ அதுதான் அடைப்பு. செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் விரலும் ஈரமும் படக்கூடாது.

அடைப்பு வருவதற்கு நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்கிறோம். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். நேராகச் சுவரில் அணைத்தால், சில சமயம் ஹெட் நடுவழியில் திறந்தபடியே நின்று காயும். முதலில் பட்டன், விளக்கு அணைந்தபின் சுவிட்ச்.

லேசர் பிரிண்டரைக் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறேன். அச்சிடத் தொடங்கியதும் யுபிஎஸ் கத்துகிறது, சில சமயம் எல்லாமே அணைந்துவிடுகிறது. அறை விளக்கும் மங்கி மங்கி எரிகிறது. பிரிண்டர் பழுதா?
– வாசகர், மதுரை

பழுது இல்லை. லேசரின் ஃப்யூசர் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி மாதிரி. சூடேறும் சில நொடிகளில் 800, 1,000 வாட் வரை இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது சுமார் 360 வாட். எப்படித் தாங்கும்? லேசரை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. தனியாகச் சுவர் பிளக்கில் போடுங்கள். ஃபிரிட்ஜ், மோட்டார் இருக்கும் லைனைத் தவிருங்கள். விளக்கு மங்குவது சூடேற்றும் ஒவ்வொரு முறையும் நடக்கும், பிரிண்டருக்கு அதனால் கெடுதல் இல்லை.

உங்கள் பகுதியில் மின்தடை அதிகம், இன்வெர்ட்டரில்தான் அச்சிட வேண்டிவரும் என்றால் அது இங்க்ஜெட்டுக்குப் போடவேண்டிய ஒரு மதிப்பெண். அது அச்சிடும்போது 10 முதல் 20 வாட்தான் எடுக்கும்.

கலர் லேசர் வாங்கினால் குடும்பப் படங்களும் பாஸ்போர்ட் சைஸ் படங்களும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். படத்துக்கு இங்க்ஜெட்டை மிஞ்ச வீட்டுப் பிரிண்டர் எதுவும் இல்லை. கலர் லேசரில் முகத்தின் மென்மையான நிறமாற்றம் புள்ளி புள்ளியாகத் தெரியும், டோனரும் நான்கு வாங்க வேண்டும். எந்தக் காரணத்தாலும் இங்க்ஜெட் கிளாஸி தாளை லேசரில் விடாதீர்கள். அதன் மேல்பூச்சு ஃப்யூசர் சூட்டில் உருகி உருளையைச் சுற்றிக்கொள்ளும். அத்தோடு ஃப்யூசர் போயிற்று.

இங்க்ஜெட்டில் 4×6 அங்குல கிளாஸி தாள் ஒன்றில் 35×45 மில்லிமீட்டர் படம் எட்டு வைக்கலாம், நான்கு நான்காக இரண்டு வரிசை. அச்சிடும் முன் பேப்பர் வகையைக் கட்டாயம் 'கிளாஸி' என்று மாற்றுங்கள். 'பிளெயின்' என்றே விட்டால் மையின் அளவும் நிறமும் சாதாரணத் தாளுக்கானதாகவே இருக்கும், படம் அழுது வடியும்.

பழைய லேசர் பிரிண்டரில் டோனர் ரீஃபில் செய்தேன். இப்போது தாள் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. ஒரு கறுப்புப் புள்ளி மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப வருகிறது. புது கார்ட்ரிட்ஜ்தான் வாங்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

ஒரு ஸ்கேலை எடுத்து அந்தப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். டிரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு புள்ளி விழுகிறது. எச்பி 12ஏ, 88ஏ போன்ற கார்ட்ரிட்ஜ்களில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர், எனவே தூரம் சுமார் 75 மில்லிமீட்டர். பிரதர் மாடல்களில் சுமார் 94. அளவு ஒத்துப்போனால் டிரம்மில்தான் கீறலோ ஒட்டிய துகளோ இருக்கிறது. துகள் என்றால் உலர்ந்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் போய்விடும். கீறல் என்றால் டிரம் மாற்ற வேண்டும். பச்சை, நீல நிறத்தில் பளபளக்கும் அந்த உருளையை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்தில் சில நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெளிச்சமே அதைக் கெடுக்கும்.

சாம்பல் பூப்பது வேறு விஷயம். டிரம்மில் மிஞ்சும் தூளை ஒரு ரப்பர் பிளேடு வழித்துக் கழிவு அறையில் தள்ளும். ரீஃபில் செய்பவர் புதுத் தூளை மட்டும் கொட்டிவிட்டுக் கழிவு அறையைக் காலி செய்யாமல் மூடினால், வழிய இடமின்றித் தூள் தாளுக்கே திரும்பும். மாடலுக்குப் பொருந்தாத தூளைப் போட்டாலும் இப்படித்தான் வரும். எனவே ரீஃபில் போட்டவரிடமே எடுத்துப் போய், கழிவு அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிளேடும் தேய்ந்திருந்தால் நெடுகக் கறுப்புக் கோடு விழும். டிரம்மும் கார்ட்ரிட்ஜும் ஒன்றாக உள்ள இந்த வகைகளுக்கு இரண்டு, மூன்று ரீஃபிலுக்குமேல் ஆசைப்படக் கூடாது.

எழுத்தைக் கட்டை விரலால் தேய்த்தால் உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் அது கார்ட்ரிட்ஜ் கோளாறு அல்ல, ஃப்யூசர் சூடு போதவில்லை. தாள் தடிமனாக இருந்தால் அமைப்பில் பேப்பர் வகையை 'திக்' என்று மாற்றினாலே சரியாகலாம்.

சட்டையில் டோனர் கொட்டினால் முதலில் உதறுங்கள், பிறகு குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீரும் இஸ்திரியும் அந்தப் பிளாஸ்டிக் தூளைத் துணியோடு உருக்கி நிரந்தரமாக ஒட்டிவிடும்.

மழையில் ஹால் டிக்கெட் நனைந்து எழுத்தே கரைந்துவிட்டது. லேசரில் எடுத்தால் கரையாது என்றார்கள். ஆனால் லேசரில் எடுத்த சான்றிதழ் நகல் ஃபைல் கவரில் ஒட்டிக்கொண்டு, உரித்தால் எழுத்து கவரோடு வந்துவிட்டது. என்னதான் செய்வது?
– வாசகி, கடலூர்

இரண்டும் உண்மை. டை மை தண்ணீரில் கரையும், டோனர் கரையாது. ஆனால் மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக்கில் அதை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து டோனரை இளக்கும். வெயில் காலத்தில், அடுக்கின் அடியில் அழுந்திக் கிடந்தால், சில மாதத்திலேயே எழுத்து கவருக்கு மாறிவிடும். தாளுக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள் வைத்துக் கவரில் போடுங்கள். அல்லது தொட்டால் சரசரக்கும் பாலிப்ரொப்பிலீன் கவர் வாங்குங்கள். ஒன்றோடொன்று பிசுபிசுவென ஒட்டும் கவர் பிவிசி.

ஹால் டிக்கெட்டை லேசரிலோ பிக்மென்ட் மையிலோ எடுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்ததை லேமினேட் செய்வதானால் ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். ஈரத்தோடு செய்தால் ஆவி உள்ளே சிக்கிக் கொப்பளிக்கும்.

திரையில் சரியாகத் தெரியும் தமிழ்ப் பிடிஎஃப், அச்சில் கட்டம் கட்டமாக வருகிறது. பிரிண்டரை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், புதுச்சேரி

பிரிண்டரை மாற்ற வேண்டாம். அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' பட்டனை அழுத்தி, 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதை டிக் செய்யுங்கள். எழுத்துரு வழியாகப் போகாமல் பக்கம் முழுவதும் படமாகப் போகும். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து உடையாது. திரையிலேயே ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு. அனுப்பியவரிடம் எழுத்துருவை உள்ளே பதித்து மறுபடி பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

வீடு மாறுகிறோம். இங்க் டேங்க் பிரிண்டரை எப்படி எடுத்துப் போவது? புது வீட்டில் வைஃபையும் மாறுகிறது.
– வாசகி, திருச்சி

சாய்க்கவே கூடாது. தொட்டி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மாடல்களில் தொட்டிப் பக்கம் ஒரு பூட்டுத் திருகு இருக்கும், அதைப் 'போக்குவரத்து' நிலைக்குத் திருப்புங்கள். பட்டனால் அணைத்து, ஹெட் ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தபின் வயரைப் பிடுங்குங்கள். பெரிய பாலித்தீன் பையில் கட்டி, மட்டமாகப் பெட்டியில் வையுங்கள். லாரியில் மற்ற சாமான்களோடு ஏற்றாமல், காரில் இருக்கைக்குக் கீழே தரையில் வைத்து எடுத்துப் போவது நல்லது. போய்ச் சேர்ந்ததும் திருகைத் திறந்து, இரண்டு மணி நேரம் விட்டு, நாசில் செக் எடுங்கள்.

வைஃபையில் புதுப் பெயர் பிரிண்டருக்குத் தெரியவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் லைனாக இருக்கும். வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். இணைப்புத் தருபவரிடம் இரண்டையும் தனித்தனிப் பெயரில் போட்டுத் தரச் சொல்லி, 2.4 உள்ளதில் இணையுங்கள்.